கதவும் ஜன்னலும்: திருடனுக்கு எத்தனை நிமிடம்?

வீடு கட்டுகிறவர்களின் செலவுக் கணக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் படும். வாசற்கதவுக்கு பர்மா தேக்கு, அதில் அஷ்டலட்சுமி செதுக்கல், பித்தளைக் குமிழ், பெயர்பெற்ற கம்பெனியின் பூட்டு. அதே கணக்கின் கடைசிப் பக்கத்தில் புறவாசலுக்கு மலிவான ஃப்ளஷ் கதவு, மொட்டைமாடி ஹெட்ரூமுக்குத் தகரக் கதவு, வெளியிலிருந்தும் வழி வைத்த குளியலறைக்கு பிவிசி கதவு. காசு முழுவதும் விருந்தாளி பார்க்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. திருடனோ தெருவிளக்கும் எதிர்வீட்டு ஜன்னலும் இல்லாத பக்கத்தைத் தேடுகிறவன். ஆகவே இந்த அத்தியாயத்தில் வாசற்கதவுக்குச் சொல்வதையெல்லாம் வீட்டைச் சுற்றியுள்ள எல்லாக் கதவுகளுக்கும் சேர்த்தே சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வீடு புகும் குற்றத்தை விளக்கும்போது, ஒருவன் வீட்டுக்குள் நுழையக்கூடிய ஆறு வழிகளைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த ஆறையும் வைத்திருக்கிறது. தானே ஓட்டை போட்டு நுழைவது, மனிதர் நுழைவதற்கென்று வைக்காத திறப்பு வழியாகவோ சுவரேறியோ வருவது, வீட்டுக்காரர் நினைத்திராத விதத்தில் ஒரு வழியைத் திறப்பது, பூட்டைத் திறப்பது, ஆளை மிரட்டியோ தாக்கியோ நுழைவது, அடைத்து வைத்த வழி என்று தெரிந்தே அதைத் திறந்து போவது. சட்டம் எழுதியவர்களுக்குக் கட்டடம் தெரிந்திருக்கிறது. ஆறில் ஒன்றுதான் பூட்டு. நாமோ பாதுகாப்பு என்றதும் நேரே பூட்டுக்கடையில் போய் நிற்கிறோம்.

சாவி இல்லாமல் நல்ல பூட்டைத் திறப்பது பெரிய வித்தை. 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது ஏ.சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர், அதுவரை யாராலும் திறக்க முடியாதிருந்த பிராமா பூட்டைத் திறந்து காட்டினார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். அவ்வளவு பொறுமைசாலி நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. வருகிறவன் கையில் இருப்பது கடப்பாரையோ பெரிய திருப்புளியோதான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே அதைச் சொருகி ஒரு நெம்பு நெம்புவான். பூட்டில் கீறல்கூட இருக்காது. அது பிடித்திருந்த மரம் பிளந்து கிடக்கும்.

இதனால்தான் ஐரோப்பாவில் கதவு, ஜன்னலின் உறுதியை நிமிடக் கணக்கில் அளக்கிறார்கள். இஎன் 1627 என்ற தரத்தின்படி ஆர்சி 2 வகுப்பைச் சேர்ந்த கதவு, திருப்புளியும் குறடும் ஆப்பும் வைத்திருப்பவனை 3 நிமிடம் தடுத்து நிறுத்த வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரையும் சேரும். 5 நிமிடம் தாங்க வேண்டும். சோதனைக்கூடத்தில் ஆளை விட்டு உடைக்கச் சொல்லித்தான் சான்று தருகிறார்கள். மூன்று நிமிடம் அற்பமாகத் தோன்றலாம். பக்கத்து வீட்டு நாய் குரைக்க, மரம் முறியும் சத்தம் கேட்க, இருட்டில் நின்று நெம்புகிறவனுக்கு அது மிக நீண்ட நேரம். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு உடைப்பைத் தாங்கும் கதவு, ஜன்னல்கள் கட்டாயமாயின. பிறகு பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட வீடுகளில் திருட்டு நடக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 1.1 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியிருந்தது. அதாவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. போலீசும் கேமராவும் கூடுதலாக இல்லாமல், நிலையும் கீலும் கண்ணாடியும் செய்த வேலை அது.

நிலை

நம்மூரில் வாசல் நிலை பெரும்பாலும் 5க்கு 3 அங்குல மரம். அதைச் சுவரோடு பிடித்து வைப்பவை ஹோல்டு ஃபாஸ்ட் எனும் இரும்புப் பட்டைகள். பக்கத்துக்கு மூன்றாவது வேண்டும். செங்கல் சந்தில் வெறும் சாந்து அப்பி அவற்றை மூடக்கூடாது; ஜல்லி கலந்த கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். பூசிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே பூசுவதற்கு முதல் நாள் போய் நின்று, எல்லா நிலைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது பலர் சுவரெல்லாம் பூசி முடித்தபின் டபிள்யூபிசி நிலையோ ஸ்டீல் நிலையோ வாங்கிப் பொருத்துகிறார்கள். கரையான் தொல்லை உள்ள ஊர்களில் நல்ல யோசனைதான். ஆனால் நிலைக்கும் சுவருக்கும் இடையே பீய்ச்சும் ஃபோம் சந்தை அடைக்குமே தவிர நிலையைப் பிடிக்காது. பிடிப்பவை ஆங்கர் போல்ட்டுகள்; இரண்டடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். சுவர் ஹாலோ பிளாக் என்றால் அந்த போல்ட்டும் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருக்கும். கதவு வரும் இடத்துக்கு இரு பக்கமும் பிளாக்கின் குழிகளில் கட்டும்போதே கான்கிரீட் நிரப்பச் சொல்லிவிட வேண்டும். பிறகு செய்ய வழியில்லை.

மரக்கதவின் பெரிய எதிரி திருடனைவிட மழைதான். ஐப்பசியில் மழை பிடித்ததும் கதவு உப்பி நிலையில் உரசும். உடனே ஆசாரியை வரவழைத்து இழைப்புளி ஓட்டச் சொல்வோம். சித்திரை வெயிலில் மரம் வற்றும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவே கடப்பாரை நுனி நுழையும் அளவு சந்து விழுந்திருக்கும். பூட்டின் நாக்கு வெளியே நீள்வது 12 மில்லிமீட்டர் என்று வையுங்கள்; அதில் 6 இந்தச் சந்திலேயே போய்விடும். மீதி 6 மில்லிமீட்டர்தான் உங்கள் வீட்டைக் காக்கிறது. இதற்கு மருந்து இரண்டு. கதவை மாட்டுவதற்கு முன்பே அதன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வார்னிஷோ பெயின்ட்டோ அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத விளிம்பு என்று விட்டுவிடுவார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். பூட்டு வாங்கும்போது நாக்கு 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீள்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் உரசினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது நல்லது. தை பிறந்தால் தானே இறங்கிவிடும்.

ஸ்டீல் கதவு வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அதன் பலம் தகட்டில் மட்டும் இல்லை. கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் ஒரே தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டு ஒரே செட்டாக வருகின்றன. ஒரு சாவியைத் திருப்பினால் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நாக்குகள் பாயும். மூலையில் நெம்பினாலும் பிடி விடாது. இதே பல நாக்குப் பூட்டை மரக்கதவுக்கும் வாங்கலாம். ஸ்டீல் கதவில் பார்க்க வேண்டியது தகட்டின் கனம். மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். உள்ளே நிரப்பியிருப்பது காகிதத் தேன்கூடா, பாறைக்கம்பளியா என்றும் கேளுங்கள். கடற்கரையோர ஊர்களில் கீழ் விளிம்பு சீக்கிரம் துருவேறும்.

கீலும் ஸ்க்ரூவும்

வாசற்கதவுக்கு 5 அங்குலக் கீல் நான்கு என்பது ஆடம்பரமில்லை. ஆனால் கீலைவிட அதன் ஸ்க்ரூவைப் பற்றிப் பேச வேண்டும். அவசரக்கார ஆட்கள் ஸ்க்ரூவை முக்கால் பங்கு சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு திருகுக்கு மட்டும் திருப்புளியை எடுப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே மரத்தின் நார் கிழிந்து, ஸ்க்ரூவின் மரை பிடிக்க எதுவும் இல்லாமல் இருக்கும். முன்துளை போட்டு, 2 அங்குல ஸ்க்ரூவை மெஷினால் முழுக்கத் திருகச் சொல்லுங்கள். பூட்டின் நாக்கு போய் நுழையும் தகட்டுக்கும் இதே விதிதான். பூட்டுப் பெட்டியோடு வரும் குட்டி ஸ்க்ரூக்களை ஒதுக்கிவிட்டு நீளமானதைப் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு டீ காசு. இந்த அத்தியாயத்தில் இதைவிட மலிவான, இதைவிடப் பலன் தரும் யோசனை வேறில்லை.

வெளிப்பக்கமாகத் திறக்கும் கிரில் கதவு, சேஃப்டி கதவு போன்றவற்றில் கீலின் ஊசி தெருவைப் பார்த்து நிற்கும். ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டு பூட்டியபடி இருக்கக் கதவு கையோடு வரும். ஊசி கழலாத கீல் கிடைக்கிறது. இருப்பதை மாற்ற முடியாவிட்டால் ஊசியின் இரு தலையிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடலாம்.

பூட்டு

மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லின் பூட்டுகள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. அந்தக் கைவினைக்கு மரியாதை உண்டு. பீரோவுக்கும் கடைக்கும் கோயில் உண்டியலுக்கும் தாராளமாகப் போடுங்கள். வீட்டு வாசலில் தொங்கும் எந்தப் பூட்டுக்கும் ஒரு குறை இருக்கிறது: உள்ளே ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே சொல்லிவிடும். மேலும் அது தொங்கும் கொண்டியும் நாதாங்கியும் எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் அதன் உறுதி. கதவின் உடம்புக்குள் புதையும் மார்ட்டைஸ் பூட்டு இந்த இரண்டு குறையும் இல்லாதது.

மார்ட்டைஸ் பூட்டு வாங்கியவர்கள் செய்யத் தவறுவது ஒன்று உண்டு. கதவை இழுத்துச் சாத்தினால் ‘டக்’கென்று விழுவது சாய்ந்த நாக்கு. அது காற்றுக்குக் கதவு திறக்காமல் இருக்க வைத்தது. ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் சொருகியே பின்னுக்குத் தள்ளிவிடலாம். சாவியை இரண்டு திருப்பு திருப்பினால்தான் கனமான சதுர நாக்கு முழுசாக நீளும். பால் வாங்கப் போனாலும் இரண்டு திருப்பு.

சாவி நுழையும் உருளைக்கு சிலிண்டர் என்று பெயர். அதன் நடுவில் ஸ்க்ரூ போகும் இடத்தில் உலோகம் மெலிந்திருக்கும். கதவுத் தகட்டுக்கு வெளியே சிலிண்டர் துருத்திக்கொண்டிருந்தால் குறட்டால் பிடித்து அங்கே ஒடித்துவிடுவார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. கதவின் கனத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 60, 70 என்று பல நீளத்தில் கிடைக்கிறது. சிலிண்டரால் ஒரு பெரிய வசதியும் உண்டு. சாவி தொலைந்தால், வாடகைக்காரர் காலி செய்தால், பழைய வீட்டை வாங்கினால், முழுப் பூட்டையும் கழற்ற வேண்டாம். சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். புது வீட்டிலும் டைல்ஸ்காரர், பெயின்ட்டர், எலக்ட்ரீஷியன் என்று சாவி பல கை மாறியிருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் புது சிலிண்டர் போட்டுவிடுங்கள்.

விரல்ரேகைப் பூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. சாவியை மறக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வரப்பிரசாதம். யார் எப்போது வந்தார்கள் என்பது போனில் தெரியும். பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். பேட்டரியும் தீர்ந்தால் வெளியிலிருந்து தற்காலிகமாக மின்சாரம் கொடுக்க ஒரு முனையும், சாதாரணச் சாவித் துளையும் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கை வேலை செய்து ரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு அது அடிக்கடி முரண்டு பிடிக்கும். அவர்களுக்கு எண் குறியீட்டைப் பழக்குங்கள். மற்றபடி ரேகையைப் படிப்பது எலக்ட்ரானிக்ஸ், கதவைப் பிடிப்பது அதே இரும்பு நாக்கு. சில மலிவு மாடல்களில் சாய்ந்த நாக்கு மட்டுமே இருக்கிறது. அதற்குப் பல ஆயிரம் கொடுப்பது வீண்.

ஜன்னல்

கம்பி இல்லாத ஜன்னலை நம்மூரில் கற்பனை செய்யவே பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பழைய மர ஜன்னலில் நிலையைத் துளைத்து நிறுத்திய 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பிக்கும், இன்று யூபிவிசி ஜன்னலுக்கு வெளியே நாலு ஸ்க்ரூவில் ஒட்டவைக்கும் கிரில்லுக்கும் நிறைய வித்தியாசம். ஸ்க்ரூவின் தலை வெளியே தெரிந்தால் அந்த கிரில் அலங்காரம். கிரில்லின் கால்கள் சுவருக்குள் புதைய வேண்டும். முடியாவிட்டால் ஆங்கர் போல்ட்டின் தலையை வெல்டிங்கால் மூடிவிட வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கார் ஜாக்கியை இரு கம்பிக்கு நடுவே வைத்துத் திருகி வளைப்பது தெரிந்த தந்திரம்; குறுக்கே இரண்டு பட்டை ஓடி, கம்பி அதன் துளைக்குள் புகுந்து போனால் அது அவ்வளவு சுலபமில்லை. பளபளக்கும் எவர்சில்வர் குழாய் கிரில்லைப் பார்த்து மயங்காதீர்கள். மெல்லிய குழாய் கையால் அழுத்தினாலே வளையும் அளவில்கூட வருகிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் 202 ரகம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். 304 கேட்டு வாங்குங்கள், அலை சத்தம் கேட்கும் தூரம் என்றால் 316.

யூபிவிசி நல்ல பொருள். கரையான் தொடாது, மழைக்கு உப்பாது, சத்தத்தையும் தூசியையும் வெளியே நிறுத்தும். ஆனால் பிளாஸ்டிக் குழல் தனியாக வளைந்து கொடுக்கும். அதன் வயிற்றுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் போக வேண்டும்; கைப்பிடி, கீல், பூட்டு ஆகியவற்றின் ஸ்க்ரூ அந்த இரும்பைப் பிடிக்க வேண்டும். விலை குறைத்துச் சொல்கிறவர் குறைப்பது பெரும்பாலும் இந்த இரும்பைத்தான். ஜன்னலைப் பொருத்தும் முன் ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். வெளிப்பக்கம் இருந்தால், பட்டையை நெம்பிவிட்டுக் கண்ணாடியை முழுசாக இறக்கி வைத்துவிடலாம், உடைக்கவே வேண்டாம். பட்டை வீட்டுக்கு உட்பக்கம்தான் வர வேண்டும்.

தள்ளும் ஜன்னல் இடத்தை மிச்சப்படுத்தும். பாதுகாப்பில் ஒரு படி குறைவு. தண்டவாளத்திலிருந்து பலகையை மேலே தூக்கிக் கழற்றலாம் என்பதே காரணம். மேல் தடத்தில் தூக்க விடாத கட்டைகள் வைத்திருக்கிறார்களா என்று, மாட்டியபின் நீங்களே தூக்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் சின்னக் கொக்கிப் பூட்டு ஆட்டினால் நழுவும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில், கைப்பிடியைத் திருப்பினால் சட்டத்தைச் சுற்றிப் பல இடங்களில் காளான் தலை போன்ற முளைகள் போய் மாட்டிக்கொள்ளும். தரைத்தளத்திலும், மாடியில் சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் எட்டும் இடத்திலும் அந்த வகையைப் போட்டு, மற்ற இடங்களில் தள்ளும் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம். பணத்தைப் பிரித்துச் செலவிட அதுவே நல்ல வழி.

கண்ணாடி வியாபாரிகள் ‘டஃபண்டு கண்ணாடி சார், உடையாது’ என்பார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட அது நாலைந்து மடங்கு உறுதி என்பது உண்மை. கூர்மையான முனையால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் மொத்தமும் கற்கண்டாக உதிர்ந்து, கதவளவு வழி திறந்துவிடும் என்பதும் உண்மை. அது காயம் படாமல் இருக்கக் கண்டுபிடித்தது. திருடனைத் தடுப்பது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற தெளிவான படலம் ஒட்டியிருக்கும். அடித்தால் விரிசல் விழும், துண்டுகள் படலத்தைவிட்டு வராது; கை நுழையும் ஓட்டை போட நெடுநேரம் சத்தத்தோடு அடிக்க வேண்டும். 6.38 என்று எழுதியிருந்தால் 3 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டும் 0.38 மில்லிமீட்டர் படலமும். தரைத்தளத்து பெரிய ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் 8.76 போடலாம், அதில் படலம் இரண்டு மடங்கு. வீடு முழுவதற்கும் தேவையில்லை.

மறந்துபோகும் வழிகள்

குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே உருவிவிடலாம். அதற்குப் பின்னால் ஒரு கிரில் வேண்டும். விண்டோ ஏசியை எடுத்துவிட்டு ஸ்பிளிட் மாட்டியவர்கள் பழைய ஓட்டையைப் பலகையால் அடைத்து வைத்திருப்பார்கள். செங்கல் வைத்துக் கட்டுங்கள். ஹெட்ரூம் கதவுக்கு வாசற்கதவு அளவு மரியாதை கொடுங்கள், பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வர முடியும் என்றால் இன்னும் கூடுதலாக. அதற்கு உட்பக்கம் மேலும் கீழும் டவர் போல்ட், நடுவில் ஆல்டிராப் போடுங்கள்.

உள்ளிருந்து வெளியேற

இவ்வளவு இறுக்கியபின் ஒரு கேள்வி பாக்கி. இரவில் சமையலறையில் தீப்பிடித்தால், வாசல் பக்கம் புகை சூழ்ந்தால், நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள்? எல்லா ஜன்னலிலும் நிரந்தரக் கம்பி போட்ட வீட்டில் பதில் இல்லை. தளத்துக்கு ஒரு ஜன்னலிலாவது, முடிந்தால் ஒவ்வொரு படுக்கையறையிலும், கிரில்லின் ஒரு பகுதியைக் கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். ஆள் நுழைந்து இறங்கும் அளவு இருக்க வேண்டும். அதன் சாவி அதே அறையில், வெளியிலிருந்து கை எட்டாத, குழந்தைக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும். இரவில் வாசற்கதவை உள்ளிருந்து சாவி போட்டுப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. உட்பக்கம் சாவிக்குப் பதில் திருகுக் குமிழ் உள்ள சிலிண்டர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. கதவில் கண்ணாடி பதித்திருந்தால் மட்டும், அதை உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருப்ப முடியாதபடி அந்தக் கண்ணாடியை லேமினேட்டட் ஆக்கிவிடுங்கள்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், ஆசாரியையும் ஜன்னல்காரரையும் கூட வைத்துக்கொண்டு வீட்டை வெளிப்பக்கமாக ஒரு சுற்று வாருங்கள். கையில் ஒரு திருப்புளி இருக்கட்டும். வெளியே தலை தெரியும் ஸ்க்ரூ, சந்து விட்ட கதவு, தூக்கினால் ஆடும் பலகை, துருத்தும் சிலிண்டர் என்று கண்ணில் படுவதையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். வட்டங்கள் அழியும்வரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.